மருந்தும் ஓர் அமானிதம்

நோய் தீரும் என்று நம்பி அருந்தும் மருந்தே நஞ்சாகுமாயின், எளிய மக்கள் யாரிடம் சென்று முறையிடுவர்? 2025ஆம் ஆண்டு நம் முன் எழுந்த வினா இது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் காய்ச்சலும் சளியுமாக இருந்த குழந்தைகளுக்குக் 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்து புகட்டப்பட்டது. சில நாள்களில் அவர்களுக்குச் சிறுநீர் பிரிவது நின்றது, சிறுநீரகங்கள் செயலிழந்தன. இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் மாண்டன.

எங்கோ நிகழ்ந்த துயரம் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. அம்மருந்து காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தயாரித்த ஸ்ரீசன் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் நம் கோடம்பாக்கத்தில் இருந்தது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில், அம்மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 விழுக்காடு. 2025 அக்டோபரில் நிறுவனத்தின் உரிமம் ரத்தாயிற்று. ஆயின் மாண்ட மழலைகள் மீள்வரோ?

டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான்; இனிப்புச் சுவையுடையது. உடலுக்குள் சிதைந்து சிறுநீரக நுண்குழாய்களின் உயிரணுக்களை அழிக்கிறது. 1937இல் அமெரிக்காவில் இதனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டே அங்குக் கடுமையான சட்டம் பிறந்தது. 1972இல் இதே சென்னையிலும், 1986இல் மும்பையிலும் இந்நஞ்சு உயிர்களைக் குடித்தது. 2022இல் காம்பியா நாட்டுக் குழந்தைகள் பலியாயினர். இத்தனைக்குப் பின்னும் நாம் பாடம் கற்கவில்லை என்பதே வேதனை.

திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கு நச்சு மருந்து மட்டுமே காரணம் அன்று. வயிற்றுப்போக்கால் நீர் வற்றுதல், எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, மருத்துவர் அறிவுரையின்றி விழுங்கும் வலி நிவாரணி மாத்திரைகள் ஆகியனவும் காரணங்களே. காலத்தே கண்டறிந்தால் பலரைக் காப்பாற்றலாம். சிறுநீர் குறைதல், முகமும் காலும் வீங்குதல், ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை எச்சரிக்கைகள். குழந்தை பல மணி நேரம் சிறுநீர் கழிக்கவில்லையெனில் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கிரியேட்டினின் என்னும் எளிய இரத்தப் பரிசோதனை பாதிப்பைக் காட்டிவிடும். சிறுநீரைப் பற்றிப் பேச நாணுவதால் இழக்கும் நேரம் உயிரின் விலையாகிவிடக் கூடாது.

தடுப்பதும் கடினமன்று. வயிற்றுப்போக்கு கண்டவுடன் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தல் வேண்டும். மருத்துவர் சீட்டின்றி மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் புகட்டும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் மருந்தே கூடாது என்று மத்திய அரசு 2025இல் அறிவுறுத்தியதை ஒவ்வொரு தாயும் அறிதல் வேண்டும். நோயுற்றோர் நோன்பைப் பிற்படுத்த மார்க்கம் தந்த சலுகையை மறத்தலாகாது.

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கவே திருமறையில் தனி அத்தியாயம் உண்டு. தானியத்தில் செய்யும் மோசடிக்கே அத்துணைக் கண்டிப்பெனில், மருந்தில் செய்வதை என்னென்பது! மருந்து, செய்பவரிடமும் விற்பவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒவ்வொரு கரைப்பானையும் சோதித்த பின்னரே மருந்து வெளிவர வேண்டும். ஆய்வு அதிகாரிகள் தவறாது ஆலைகளுக்குச் செல்ல வேண்டும் என்று நாம் உரத்துக் கேட்போம். ஜும்ஆ மேடைகளும் நம் வகுப்பறைகளும் இச்செய்தியை எடுத்துச் சொல்லட்டும். கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்க உதவுமாயின், அதனினும் பெரும்பேறு வேறில்லை.