பல்லைப் பிடுங்கியும் வலி போகலையா? மண்டையோட்டில் இருக்கிறது ஒரு முட்டை வடிவத் துளை!

ஆடி மாசம் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லவே வேண்டாம். அந்தக் காற்று கன்னத்தில் பட்டதும், ஒரு பக்கம் மட்டும் கரன்ட் ஷாக் மாதிரி 'சுரீர்' என்று வலித்தால்? பல் துலக்கினால், சோறு மென்றால், முகம் கழுவினால் அதே வலி. சில விநாடிதான், உயிர் போய் உயிர் வரும். பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்பவர்கள் உண்டு. பல் போகும், வலி போகாது.

இதன் பெயர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பை, பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதால் வருவது. முதலில் கார்பமாசெபின் மாத்திரை (டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள்). நிறைய பேருக்கு அதிலேயே கட்டுப்படும். கட்டுப்படாதவர்களுக்கு உள்ள வழிகளில் ஒன்று, வாயோரம் கன்னத்தில் நீள ஊசியை ஏற்றி, மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கும் 'ஃபோரமென் ஓவலே' துளை வழியாக நரம்பு முடிச்சைத் தொடுவது. ஊசி முனையின் சூட்டில் வலியைக் கடத்தும் இழைகள் அடங்கும்.

அந்தத் துளை சுமார் 7 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலம். புளியங்கொட்டையைவிடச் சின்னது! இதில் சிக்கல் என்னவென்றால், அது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒரே ஆளுக்கே இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி. சிலருக்குப் பக்கத்துத் தசைநார் எலும்பாக இறுகி, துளைக்குக் குறுக்கே பாலம் போட்டிருக்கும், ஊசி போகாது. சிலருக்கு அருகிலேயே இன்னொரு குட்டித் துளை, பெயர் வெசேலியஸ் துளை. அதற்குள் ஓடுவது ரத்தநாளம். ஊசி தப்பி அங்கே நுழைந்தால் மூளைக்கு அருகே ரத்தக்கசிவு ஆகலாம். மருத்துவக் கல்லூரிகளில் காய்ந்த மண்டையோடுகளை வைத்துக்கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்களே, அது இதற்காகவும்தான்.

1949-ல் வேலூர் சி.எம்.சி-யில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி. உலகின் முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்ததே 1971-ல்தான். அதுவரை எக்ஸ்ரேயும் கையின் பழக்கமும்தான் துணை. நினைத்தாலே பகீர் என்கிறது.

இப்போது துளையின் அளவு, பாலம், பக்கத்துத் துளை எல்லாம் சிடி-யில் முன்கூட்டியே தெரிந்துவிடும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தால், பழைய ஸ்கேன் படங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை விநாடி, எதைத் தொட்டால் வலிக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பல்லைப் பிடுங்கும் முன் பல் டாக்டரிடமும் அதே தாளைக் காட்டுங்கள்.