ஃபார்மட் செய்யும் முன் டிஸ்க்கின் நாடியைப் பாருங்கள்

"கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். இரண்டு பதில்களில் ஒன்று உடனே வரும். "ரேம் போடுங்க", இல்லாவிட்டால் "ஃபார்மட் பண்ணிடுங்க". சர்வீஸ் செய்பவர்கள் மட்டுமல்ல, என்னைப் போன்ற சாஃப்ட்வேர் என்ஜினியர்களும் இதைத்தான் சொல்கிறோம். நாடி பார்க்காமல் மருந்து எழுதும் இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது என் கருத்து. நானே அந்தத் தவறைச் செய்து, பட்டுத் தெரிந்து கொண்டதால் சொல்கிறேன்.

கோவில்பட்டியில் இருக்கும் என் மாமா 2017-ல் ஒரு டெஸ்க்டாப் வாங்கினார். 1 டிபி ஹார்ட் டிஸ்க். சில வருடங்கள் கழித்து ஒரு நாள் போன் செய்தார். "மாப்ளே, ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்குடா" என்றார். வேலை அவசரத்தில் இருந்த நான், "ரேம் பத்தாது மாமா, இன்னொரு 4 ஜிபி போடுங்க" என்றேன். போட்டார். பலன் இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் போன். "அப்படின்னா சி டிரைவை ஃபார்மட் பண்ணிடுங்க. டி டிரைவில் இருப்பது அப்படியே இருக்கும்" என்றேன்.

விண்டோஸ் பாதி ஏறும்போது நின்றுவிட்டது. அதன் பிறகு அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணவே இல்லை. டி டிரைவில் இருந்த பேத்தியின் போட்டோக்கள், பிறந்ததிலிருந்து சேர்த்தவை, எல்லாம் போயின. வேறு எங்கும் காப்பி இல்லை. மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த டிஸ்க் தன் நிலைமையைத் திரையில் சொல்லிக் கொண்டுதான் இருந்திருக்கும். பார்க்கச் சொல்ல எனக்குத்தான் தோன்றவில்லை.

எங்கே பார்ப்பது?

டெஸ்க்டாப் கேபினெட்டின் முன்புறம் மினுக் மினுக்கென்று எரியும் சிறிய விளக்கைப் பார்த்திருப்பீர்கள். டிஸ்க் வேலை செய்யும்போது அது எரியும். எந்த புரோகிராமும் ஓடாதபோது அணையாமல் எரிந்து கொண்டே இருந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது. பல லேப்டாப்களில் இப்போது இந்த விளக்கையே எடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் கவலை வேண்டாம், அதைவிட நல்ல விளக்கு விண்டோஸிலேயே இருக்கிறது.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் டிஸ்க் 0 என்பதைக் கிளிக் செய்யுங்கள். கடந்த 60 விநாடிகளின் வரைபடம் ஓடிக் கொண்டிருக்கும். 2012-ல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி இது. மூன்று எண்களைக் கவனித்தால் போதும். ஆக்டிவ் டைம், டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பது. ரீட், ரைட் ஸ்பீடு, எவ்வளவு டேட்டா நகர்ந்தது என்பது. ரெஸ்பான்ஸ் டைம், கேட்டதற்குப் பதில் வர ஆன நேரம்.

100 சதவீதம் என்றால் என்ன?

ஆக்டிவ் டைம் 100 சதவீதம், ஆனால் வேகம் 1 எம்பி கூட இல்லை. புதியவர்களைக் குழப்புவது இதுதான். ஒரு மளிகைக் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரே அரிசி மூட்டையை இறக்கச் சொன்னால் கடைப் பையன் சட்டென்று இறக்கிவிடுவான். நூறு டப்பாக்களில் இருந்து ஒவ்வொரு ஸ்பூன் எடுக்கச் சொன்னால் நாள் முழுக்க ஓடுவான், பையில் ஒன்றும் சேராது.

ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் ஹெட்டுக்கு அடியில் வர சராசரியாக அதில் பாதி. ஹெட் நகர இன்னும் 9 மில்லி விநாடி என்று வைத்துக் கொள்வோம். ஆக ஓர் இடத்துக்கு 13 மில்லி விநாடி, விநாடிக்குச் சுமார் 75 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 4 கேபி எடுத்தால் மொத்தம் 300 கேபிதான். வரிசையாகப் படித்தால் அதே டிஸ்க் விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் தரும்.

இது நகரும் பாகங்களால் ஆன இயந்திரம் என்பதைக் காட்டிய ஒரு வீடியோ உண்டு. 2008-ம் ஆண்டின் கடைசி நாளில் வெளியானது. அப்போது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் கிரெக், அடுக்கி வைத்த டிஸ்க்குகளின் முன் நின்று கத்தினார். அந்த நொடியில் வரைபடத்தில் தாமதம் எகிறியது. குரலின் அதிர்வே காரணம்! வரைபடம் இல்லையென்றால் இதை யார் நம்புவார்கள்?

எப்படிப் புரிந்து கொள்வது?

100 சதவீதமும் நல்ல வேகமும் இருந்தால், பெரிய ஃபைல் காப்பி ஆகலாம், ஆன்டிவைரஸ் ஓடலாம். கொஞ்சம் பொறுங்கள்.

100 சதவீதம், வேகம் குறைவு, ரெஸ்பான்ஸ் டைம் சில பத்து அல்லது சில நூறு மில்லி விநாடி என்றால், டிஸ்க் சிறு சிறு வேலைகளில் திணறுகிறது. ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் பகுதியைப் பாருங்கள். எந்த ஃபைல் படிக்கப்படுகிறது என்று பெயரோடு காட்டும். பேஜ்ஃபைல் என்ற பெயர் மேலேயே நின்றால் ரேம் போதவில்லை, ரேம் வாங்குவது சரி. இல்லையென்றால் அந்தப் பணத்தை எஸ்எஸ்டி வாங்கச் செலவிடுங்கள்.

எந்த வேலையும் கொடுக்காதபோதும் 100 சதவீதம், வேகம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ரெஸ்பான்ஸ் டைம் மறுபடி மறுபடி ஆயிரக்கணக்கில் என்றால், டிஸ்க் சாகக் கிடக்கிறது என்றே சந்தேகப்படுங்கள். கேபிள் கோளாறாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஃபார்மட் வேண்டாம், டீஃப்ராக் வேண்டாம். முதலில் போட்டோக்களையும் முக்கிய ஃபைல்களையும் வேறு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

"இப்போது எல்லாம் எஸ்எஸ்டிதானே, இது எதற்கு?" என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை, வேகத்தில் சந்தேகமும் இல்லை. ஆனால் அதுவும் பழுதாகும். ஹார்ட் டிஸ்க்காவது கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி சத்தமே போடாது. காதுக்கு வேலை இல்லாதபோது கண்ணுக்குத்தானே வேலை அதிகம்? வரைபடத்தில் எல்லா நோயும் தெரிந்துவிடாது என்பதும் உண்மை. டிஸ்க் திடீரென்றும் போகலாம். அதனால்தான் இன்னொரு காப்பி எப்போதும் வேண்டும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே ஒரு முறை இந்த வரைபடத்தைப் பாருங்கள். ஆரோக்கியமான நாடி எப்படித் துடிக்கும் என்று தெரிந்தால்தான் காய்ச்சல் வரும்போது கண்டுபிடிக்க முடியும். யாராவது "ஃபார்மட் பண்ணிடலாம்" என்றால், "டிஸ்க் வரைபடத்தைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அப்படிச் சொல்பவர் உங்கள் வீட்டு என்ஜினியராகவே இருந்தாலும் கேளுங்கள்.

என் மாமா கேட்டிருந்தால் நான் பார்த்திருப்பேன்.