சேற்றிலுள்ள நீருக்கு யார் பணம் கட்டுவது?

சுவிஸில் கழிவுநீர்ச் சேற்றை வயல்களுக்குப் பசளையாக இடுவது 2006 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பார உலோகங்களும் நோய்க்கிருமிகளும் உணவில் கலக்கக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். இப்போது அந்தச் சேறு எரிக்கப்படுகிறது. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தில் எவ்வளவுதான் பிழிந்தாலும், வெளியே வரும் சேற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். அதை உலர்த்தும் செலவும் எமது வீடுகளுக்கு வரும் கழிவுநீர்க் கட்டணத்துக்குள் இருக்கிறது.

ஒரு தொன் நீரை ஆவியாக்க 600 கிலோவாற் மணிக்கு மேல் வெப்பம் வேண்டும். நடைமுறையில் இன்னும் கூட. ஆவியிலிருந்து அந்த வெப்பத்தை மீட்காவிட்டால் அவ்வளவும் நட்டம்.

நீரைக் கொதிக்கவைக்காமல், நீராகவே வெளியேற்ற முடியாதா? முடியும். ஈரக் களிமண்ணில் மின்சாரம் பாய்ச்சினால் நீர் எதிர்மின்வாயை நோக்கி நகரும் என்பதை 1809 இலேயே மொஸ்கோவில் றொய்ஸ் என்பவர் கண்டறிந்தார். சேற்றுத் துகள்கள் எதிரேற்றம் கொண்டவை. அவற்றை ஒட்டியுள்ள நீரில் நேரயன்கள் மிகுந்திருக்கும். அயன்கள் நகரும்போது நீரையும் இழுத்துச் செல்கின்றன. அழுத்தும் தகடுகளையே மின்வாய்களாக்கினால் பிழிதலும் இழுத்தலும் ஒன்றாக நடக்கும்.

கணக்கைப் பாருங்கள். 20 வீதம் திண்மமுள்ள ஒரு தொன் சேற்றை 40 வீதத்துக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது 500 கிலோதான். ஏற்றிச்செல்லும் லொறிகளும் பாதியாகும்.

ஆனாலும் இதை மந்திரக்கோலாக விற்பவர்களை நாம் நம்பத் தேவையில்லை. நேர்மின்வாய்ப் பக்கம் முதலில் காய்ந்துவிடும். மின்தடை ஏறி, மின்சாரம் வெறும் சூடாக வீணாகும். உப்பு மிகுந்த சேறு அதிக மின்சாரத்தைக் குடிக்கும். நேர்மின்வாய் அரிக்கப்படுவதால், பூச்சிட்ட தைற்றானியம் போன்ற விலைகூடிய தகடுகள் வேண்டும். ஆகவே முற்றாக உலர்த்த இது ஏற்றதல்ல. பாதி வழிவரைக்கும் நல்லது. பக்கத்திலேயே எரியுலையின் கழிவு வெப்பம் கிடைக்கும் இடத்தில் இதனால் வரும் இலாபமும் சொற்பமே.

சுவிஸின் பல ஊர்களில் இத்தகைய முதலீடுகள் ஊர்ச்சபைக் கூட்டத்தில் வாக்குக்கு வருகின்றன. குடியுரிமை பெற்ற எம்மவர் பலர் அந்தக் கடித உறையைத் திறப்பதேயில்லை. திறந்தால், சேறு எத்தனை வீதம் உலரும் என்ற பெரிய எழுத்துக்களைத் தாண்டிச் செல்லுங்கள். ஒரு தொன் நீரை அகற்ற எத்தனை கிலோவாற் மணி, தகடுகளை எத்தனை ஆண்டுக்கொருமுறை மாற்றவேண்டும் என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள்.