டிக்கெட் இல்லாத ரசிகர்கள்

கிரிக்கெட் பார்க்க ஒரு நாற்காலி போதும். கோல்ஃப் பார்க்கக் கால்கள் வேண்டும். பதினெட்டுக் குழிகள், ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். எங்கே போய் நின்றாலும் ஆட்டத்தின் பெரும்பகுதி வேறெங்கோதான் நடந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆகஸ்டா நேஷனல் கிளப் ஏப்ரல் தோறும் நடத்தும் மாஸ்டர்ஸ் போட்டிக்குப் போகிறவர்கள் இதற்குத் தயாராகவே போகிறார்கள். காலையில் கதவு திறந்ததும் கடைசிக் குழிக்கருகே மடக்கு நாற்காலியைப் போட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு நடக்கத் தொடங்குகிறார்கள். (ஓடக் கூடாது. அதற்கும் விதி இருக்கிறது.) சாயங்காலம் திரும்பும்போது நாற்காலி போட்ட இடத்திலேயே இருக்கும். நடுவில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்து வழிவிடுவார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம்மூர் வழக்கத்துக்கு இது தூரத்து உறவு. சண்டை மட்டும் கிடையாது.

கைபேசிக்கு உள்ளே அனுமதியில்லை. அவசரமென்றால் கிளப் வைத்திருக்கும் தொலைபேசியில் இலவசமாகப் பேசிக்கொள்ளலாம். பெரிய ஸ்கோர் பலகைகளில் எண்களை மாற்றுவதும் இன்றுவரை மனிதக் கைகள்தான். ஆகவே செய்தி காற்றில் வருகிறது. பைன் மரங்களுக்கு அப்பால் எங்கிருந்தோ ஓர் ஆரவாரம் எழுகிறது. பழகிய ரசிகர் அது எந்தக் குழியிலிருந்து, யாருக்காக என்று கணிக்கிறார். சற்று நேரம் கழித்துப் பலகையில் ஒரு சிவப்பு எண் ஏறுகிறது. சிவப்பு இங்கே நல்ல செய்தி. விதித்த அடிகளைவிடக் குறைவாக ஆடியிருக்கிறார் என்று பொருள். தொலைக்காட்சியில் இந்தச் சுகம் கிடைக்காது. மேடு பள்ளமும் அதில் தெரியாது. திரையில் கம்பளம் விரித்தாற்போல் தட்டையாகத் தோன்றும் தரை, நேரில் மலைச்சரிவு. பத்தாவது குழி கிட்டத்தட்ட நூறு அடி இறக்கம். பதினெட்டாவது மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம்.

வந்தவர்களைக் கிளப் ரசிகர்கள் என்று சொல்வதில்லை. ‘புரவலர்கள்’ என்கிறது. ஆனால் கையேந்தி நிற்பது இங்கே புலவரல்ல, புரவலர். நான்கு நாள் ஆட்டத்துக்குமான டிக்கெட், பட்டியலில் ஏற்கனவே இருப்பவர்களுக்கு மட்டும்தான். காத்திருப்போர் பட்டியல் 1978-ல் மூடப்பட்டது. 2000-ல் கொஞ்ச காலம் திறந்து மறுபடியும் மூடிக்கொண்டது. மற்றவர்களுக்குக் குலுக்கல். உள்ளே போய்விட்டால் சீஸ் சாண்ட்விச் ஒன்றரை டாலர்தான். அந்த மலிவைப் புகழாத பத்திரிகை கிடையாது.

ஆனால் ஆகஸ்டாவில் நின்றவர்களிலேயே மிக முக்கியமான ரசிகர்கள் குலுக்கலில் வந்தவர்களில்லை.

1934-ல் முதல் போட்டி நடந்தது. டெக்சாஸில் லீ எல்டர் என்ற கறுப்பினக் குழந்தை பிறந்ததும் அதே ஆண்டில்தான். அவர் ஆகஸ்டாவில் ஆடக் கால் வைக்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட வேண்டுமானால் கிளப் அழைக்க வேண்டும். சார்லி சிஃபர்ட் என்ற கறுப்பின ஆட்டக்காரர் 1967-லும் 1969-லும் பெரிய பந்தயங்களை வென்றும் அழைப்பு வரவில்லை. முந்தைய ஓராண்டில் அமெரிக்கத் தொழில்முறைப் பந்தயம் ஒன்றை வென்றாலே இடம் உண்டு என்று 1972-ல் விதி வந்த பிறகுதான், 1974-ல் ஒரு வெற்றியோடு எல்டர் கதவைத் தட்ட முடிந்தது. கொலை மிரட்டல்கள் வந்தன. எங்கே தங்கியிருக்கிறார் என்று தெரியாமலிருக்க ஊரில் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்தார்.

இரண்டு நாளில் போட்டியிலிருந்து வெளியேறினார். ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, வெற்றிக்கு வழியில்லை என்று தெரிந்த நிலையில் கடைசிக் குழியை நோக்கி அந்த ஏற்றத்தில் அவர் நடந்து வந்தபோது கிளப்பின் ஊழியர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வழியோரம் வரிசையாக நின்றார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சமைத்தவர்கள், பரிமாறியவர்கள். தோற்றுவிட்டுப் போகும் ஒருவரை அவர்கள் கைதட்டி வரவேற்றதை எல்டர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மைதானத்தின் ஒவ்வொரு சரிவையும் அறிந்த இன்னொரு கூட்டமும் இருந்தது. பந்தயத்தில் ஆடுபவர் யாராக இருந்தாலும் மட்டைப் பையைத் தூக்குவது கிளப்பின் கேடிதான் என்பது 1982 வரை விதி. அந்தக் கேடிகள் எல்லோரும் கறுப்பினத்தவர். இந்தப் புல்லில் பந்து எந்தப் பக்கம் உருளும் என்று வெற்றியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். 1983-ல் விதி மாறியது. ஆட்டக்காரர்கள் தத்தம் கேடியைக் கூட்டிவந்தார்கள். தாராளமான மாற்றம் என்றுதான் தோன்றும். வேலை போனது யாருக்கு என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

1997 ஏப்ரல் 13. 21 வயது டைகர் வுட்ஸ் ஒன்பது அடி முன்னிலையோடு கடைசி நாள் ஆட்டத்தைத் தொடங்கவிருந்தார். எல்டர் அதைப் பார்க்க ஆகஸ்டாவுக்குக் காரில் விரைந்தார். வழியில் வேகத்துக்காகப் போலீஸ் அபராதச் சீட்டுக் கொடுத்தது. தாமதமாகிவிடவில்லை, வுட்ஸைப் பார்த்துவிட்டார். அன்று 12 அடி வித்தியாசத்தில் வுட்ஸ் வென்றபோது மறுபடியும் ஊழியர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். வென்றவர் எல்டரையும் சிஃபர்டையும் பெயர் சொல்லி நன்றி கூறினார். அவருடைய மட்டைப் பையைச் சுமந்து வந்தவர் வெள்ளையர். கிளப்பில் முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்து அப்போது ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. முதல் பெண்கள் சேர இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன.

பையைச் சுமந்தவன் பட்டத்தையே சுமந்துபோன காட்சியை டெல்லி 1991-ல் பார்த்திருக்கிறது. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் அங்கேயே இந்திய ஓப்பனை வென்றார். தொழில்முறை இந்தியர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. ஆகஸ்டாவில் ஓர் இந்தியர் ஆட 2007 ஆனது: ஜீவ் மில்கா சிங்.

2021 ஏப்ரலில், கொரோனாவால் கூட்டம் குறைக்கப்பட்டிருந்த ஒரு காலையில், போட்டியைத் தொடங்கிவைக்கும் கௌரவத்தைக் கிளப் எல்டருக்கு அளித்தது. ஜாக் நிக்லஸும் கேரி பிளேயரும் முதல் பந்துகளை அடித்தார்கள். 86 வயது எல்டரால் அடிக்க முடியவில்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நாற்காலியில் இருந்தவர், பெயரை அறிவித்ததும் மட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூட்டமும் எழுந்தது. அந்த நவம்பரில் அவர் காலமானார்.