பேசச் சொல்கிறார்கள், கேட்பது யார்?

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இருந்ததில்லை. நாலு பேரிடம் பேசத் தெரிந்தவர், இங்கிதம் அறிந்தவர், பதவிசானவர் என்று ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் போதும். பெண் கொடுப்பதிலிருந்து பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவதுவரை அந்த நற்சான்று செல்லுபடியாகும். கம்பெனிகளின் மனிதவளத் துறைகள் இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மென்திறன்' என்று சீட்டு ஒட்டிய பிறகுதான் அது பாடமாகவும் வியாபாரமாகவும் ஆயிற்று.

இன்று அது நுழையாத இடம் குறைவு. பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் பட்டப் படிப்பு மாணவர்களுக்கென்று 'ஜீவன் கௌசல்' என்ற பெயரில் ஒரு பாடத்திட்டமே வெளியிட்டது. 2020-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'மிஷன் கர்மயோகி' அரசு ஊழியர்களின் அணுகுமுறையையும் பயிற்சிக்கு உரிய விஷயமாக்கியது. அரசு அலுவலகக் கவுண்ட்டருக்கு வெளியே நின்று பழகிய யாரும் இதற்கு ஆட்சேபம் சொல்லப்போவதில்லை. தனியார் கம்பெனிகளில் சடங்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: ஓட்டல் ஹால், புரொஜெக்டர், பலூனைக் கீழே விடாமல் கைமாற்றும் விளையாட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராமலிருக்க ஒரு வீடியோ, குரூப் போட்டோ, சான்றிதழ். திங்கட்கிழமை காலை அதே மேலதிகாரி அதே குரலில் கத்துகிறார். சனிக்கிழமை வகுப்புக்கு அவர் வந்திருக்கமாட்டார். அவருக்கு வேறு மீட்டிங்.

1990களின் இறுதியில் குர்கானிலும் பெங்களூரிலும் கால் சென்டர்கள் முளைத்தபோது, உச்சரிப்பைத் திருத்துவதும் இரவு ஷிப்டுக்கு மட்டும் ஓர் அமெரிக்கப் பெயர் வைத்துக்கொள்வதும் பயிற்சியின் பெரும் பகுதியாக இருந்தன. மென்திறன் என்றால் ஆங்கிலம், கூடவே ஒரு டை என்ற எண்ணம் அப்போது ஒட்டிக்கொண்டது. கல்லூரிகளில் இன்னும் போகவில்லை.

சொல்லின் பூர்வீகமோ ராணுவ முகாம். 1960களின் இறுதியில் அமெரிக்கத் தரைப்படை தன் பயிற்சி முறைகளை ஒழுங்குபடுத்த முற்பட்டபோது, இயந்திரங்களோடு செய்யும் வேலைகளை ஒரு பக்கமும் மனிதர்களோடும் காகிதங்களோடும் செய்யும் வேலைகளை மறு பக்கமும் பிரித்து வைத்தது. முதலாவது வன்திறன், இரண்டாவது மென்திறன். 1972-ல் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் பிளிஸ் முகாமில் இதற்கென்று ஒரு மாநாடே கூடியது. அங்கு அறிக்கை அளித்த பால் விட்மோர் என்ற ஆய்வாளர் சங்கடமான ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். எந்த வேலையைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரியுமோ அதை வன்திறன் என்கிறோம், எதைப் பற்றி அதிகம் தெரியாதோ அதற்கு மென்திறன் என்று பெயர் வைத்துவிடுகிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

தெரியாத அந்த வஸ்துவை உருப்படியாக அளந்து பார்த்த முயற்சிகளில் ஒன்று, 40 ஆண்டுகள் கழித்து பெங்களூரில் நடந்தது. ஓட்டல் ஹாலில் அல்ல. தையல் மிஷின்களுக்கு நடுவில்.

பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கே ஒருவரே ஒரு சட்டையை முழுதாகத் தைப்பதில்லை. காலர் ஒருவர், கஃப் ஒருவர், பாக்கெட் ஒருவர் என்று மிஷின்கள் வரிசையாகப் போடப்பட்ட 'லைன்' அது. முன்னால் இருப்பவர் முடித்துத் தந்தால்தான் பின்னால் இருப்பவருக்கு வேலை. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். ஒரு மிஷினில் ஊசி முறிந்து, அதன்முன் உட்கார்ந்திருப்பவர் சூப்பர்வைசரின் வசவுக்குப் பயந்து பத்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டால் அந்தப் பத்து நிமிடம் லைன் முழுவதற்கும் நஷ்டம். தையல் கோணுவதை முதலில் பார்ப்பவர் வாய் திறக்காவிட்டால் பீஸ்கள் மூட்டையாகப் பிரித்துத் தைக்கத் திரும்பி வரும். நாளை குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும் என்று முந்திய நாளே சொன்னால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடலாம். சொல்லப் பயந்து காலையில் வராமலே இருந்துவிட்டால் லைன் தடுமாறும். கம்பெனிக்கு வேண்டிய மென்திறன் இந்த மாதிரி இடுக்குகளில்தான் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இங்கே வேலை இல்லை.

கேப் என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் 2007-ல் 'பேஸ்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எப்படிப் பேசுவது, எப்படி முடிவெடுப்பது, நேரத்தையும் மன அழுத்தத்தையும் எப்படிச் சமாளிப்பது, வரவு செலவு, உடல்நலம், சட்ட உரிமைகள் என்று பாடங்கள். நாட்டின் பெரிய ஆடை ஏற்றுமதியாளர்களில் ஒன்றான ஷாஹி எக்ஸ்போர்ட்ஸின் ஐந்து பெங்களூர் தொழிற்சாலைகளில் 2013-ல் இது தொடங்கியபோது, அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் அதைச் சோதனையாக மாற்றினார்கள். பயிற்சிக்கு விருப்பம் தெரிவித்த பெண்கள் சுமார் 2,700 பேர். எல்லோருக்கும் இடமில்லை, குலுக்கல் போட்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு இடம் கிடைத்தது. கிடைக்காதவர்கள் அதே கம்பெனியில் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். தையல் லைனில் யார் எவ்வளவு தைத்தார் என்ற கணக்கு தினமும் இருக்கிறது. ஒப்பிட வேறென்ன வேண்டும்?

2018-ல் வெளியான முதல் வடிவத்தில், பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் மற்றவர்களைவிட 20 சதவீதம் கூடியிருந்ததாகச் சொன்னார்கள். 2023-ல் ஆய்விதழில் அச்சானபோது கணக்கு இறுகி 13 சதவீதத்துக்குச் சற்று மேல் நின்றது. அப்படியே எடுத்துக்கொண்டாலும், புதிய மிஷின் ஒன்றுகூட வாங்காமல் கிடைத்த உயர்வு இது. பயிற்சி பெற்றவர்கள் தாமாகவே சிக்கலான தையல்களையும் கற்றுக்கொண்டார்கள். அவர்களுடன் ஒரே லைனில் இருந்த, பயிற்சி கிடைக்காத பெண்களின் வேலையும் மேம்பட்டது. பயிற்சி முடிந்து ஓராண்டு ஆவதற்குள் கம்பெனிக்கு, செலவு போக நிகர லாபம் சுமார் 250 சதவீதம். எந்த முதலாளியும் இரண்டு முறை படித்துப் பார்க்கும் எண்.

பயிற்சி பெற்ற பெண்ணின் சம்பளம் எவ்வளவு கூடியது? அரை சதவீதம்.

பத்தாயிரம் ரூபாய் வாங்குபவருக்கு அது ஐம்பது ரூபாய். பெரும்பாலும் மாநில அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே சம்பளம் போடும் தொழில் இது. ஒருவருக்கு ஓவர்லாக் மிஷின் நன்றாக வருகிறதா என்பதை வேறு கம்பெனிக்காரர் பத்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வார். பிரச்சினையை முன்கூட்டியே சொல்வார், பக்கத்திலிருப்பவரைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்வார் என்பதை அப்படிப் பார்க்க முடியாது. வெளியே விலை போகாத திறனுக்கு உள்ளேயும் விலை தரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆய்வாளர்கள் இதைத் தொழிலாளர் சந்தையின் உராய்வுகள் என்று நாகரிகமாக எழுதுகிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலையை விட்டுப் போகவும் இல்லை. பயிற்சி கொடுத்தால் ஆள் பறந்துவிடும் என்று பயந்து செலவு செய்யத் தயங்கும் கம்பெனிகள் இதைப் பார்த்து நிம்மதியடையலாம். தொழிலாளி நிம்மதியடைய அதில் ஒன்றுமில்லை.

இதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்வது அபத்தம். 2,700 பேர் அதற்குப் பேர் கொடுத்தார்கள். தன் பணத்தைக் கணக்குப் பார்க்கவும், சட்டம் தனக்கு என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளவும் விரும்புவதில் தவறென்ன? கேள்வி எழுவது வேறு இடத்தில். பேசுவதற்குக் கற்றுக்கொடுக்கிறார்கள், பேசினால் கேட்கும் ஏற்பாடு இருக்கிறதா?

அது இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2016 ஏப்ரலில் அதே ஊர் பார்த்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு பி.எஃப். விதியை மாற்றியது. முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்றது புதிய விதி. டெல்லியில் இது முதியோர் பாதுகாப்பாகத் தெரிந்தது. இந்தப் பெண்களுக்கோ பி.எஃப். என்பது வேலையை விட்டதும் கைக்கு வரும் பணம். பள்ளிக் கட்டணம், பழைய கடன், தங்கையின் கல்யாணம் எல்லாம் அதை நம்பித்தான். அதுபற்றி அவர்களைக் கூப்பிட்டு விளக்கிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஏப்ரல் 18-ந் தேதி ஆயிரக்கணக்கான பெண்கள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறி நெடுஞ்சாலைகளில் உட்கார்ந்தார்கள். சங்கங்கள் அழைக்கவில்லை, இந்தத் தொழிலில் சங்க உறுப்பினர்களே சொற்பம். மறுநாள் பஸ்கள் எரிந்தன, தடியடி நடந்தது. 19-ந் தேதியே மத்திய அரசு அந்த விதியை வாபஸ் வாங்கியது. தலைவர் இல்லாமல் இத்தனை பேர் ஒன்றுசேர்ந்து ஒரே கோரிக்கையைச் சொல்லியிருக்கிறார்கள். இவர்களுக்குத் தகவல் தொடர்புத் திறன் போதவில்லை என்று இனி யாராவது எழுதினால் கொஞ்சம் யோசித்து எழுதவேண்டும்.

எனவே மேலே இருப்பவர்களுக்குத்தான் முதலில் வகுப்பு தேவை என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அத்வர்யுவும் நிஷாதமும் இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட கட்டுரை, இந்திய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் லைன் சூப்பர்வைசர்களுக்கு மென்திறன் பயிற்சி கொடுத்ததைப் பற்றியது. தொழிலாளியைத் திட்டுபவரும் தட்டிக்கொடுப்பவரும் இவர்தான். யாருக்குப் பயிற்சி தந்தால் அதிகப் பலன் கிடைக்கும் என்று முதலில் மேனேஜர்களிடம் கேட்டு வரிசைப்படுத்தினார்கள். பிறகு அந்த வரிசையின் ஒவ்வொரு மட்டத்திலும் குலுக்கல்.

மேனேஜர்கள் பலமாகப் பரிந்துரைத்தவர்களின் லைன்களில் உற்பத்தி கூடவே இல்லை. பரிந்துரையில் பின்தங்கியிருந்தவர்களின் லைன்களில் 12 சதவீதம் கூடியது. சொந்தக்காரர், வேண்டியவர் என்ற சலுகைதான் காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். அது இல்லை, தகவல் தெரியாததும் இல்லை என்கிறது கட்டுரை. ஒரு சூப்பர்வைசர் விட்டுப் போனால் புது ஆள் தேடி, பழக்கி, லைனைக் காப்பாற்றும் பாடு முழுவதும் மேனேஜர் தலையில் விழும். ஆகவே, போய்விடக்கூடாது என்று தாங்கள் நினைத்தவர்களுக்குப் பயிற்சியை ஒரு வெகுமதி போலக் கொடுத்து நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். அதில் அவர்களுக்கு வெற்றிதான்; அந்த சூப்பர்வைசர்கள் வேலையை விட்டுப் போவது குறைந்தது. கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் மட்டும் லைனிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆலைக்கு மட்டும் உரிய கதை இல்லை இது. வங்கியிலோ பத்திரிகை அலுவலகத்திலோ பயிற்சிக்கு யார் பெயர் போகிறது என்று ஒரு முறை கவனித்தால் போதும். ஏற்கெனவே நன்றாகப் பேசுபவர் போவார். யாருடைய அறைக்குள் நுழையவே ஊழியர்கள் யோசிக்கிறார்களோ அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைப்பார்.

கம்பெனிகள் உடனே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. பயிற்சி முடித்த தொழிலாளிக்குச் சான்றிதழுடன் ஒரு கிரேடு உயர்வு தரலாம். குறைந்தபட்சக் கூலிக்குமேல் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, 250 சதவீத லாபத்தில் அது பெரிய ஓட்டையும் போடாது. சூப்பர்வைசர் வகுப்புக்கு யார் போவது என்பதை மேனேஜர்களின் பரிந்துரைக்கு விடாமல் லைன்களின் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம். அதற்கும் நேரமில்லை என்றால் சீட்டுக் குலுக்கலாம். ஆய்வின் எண்களின்படி அதுவே மேனேஜர்களின் பட்டியலைவிட அதிக பீஸ்களைத் தைத்துத் தரும்.