சாளரத்துக்கு ஒரு மகுடம்

லயத்துச் சாளரத்துக்குத் துணி போர்த்த பெல்மெட் எதற்கு என்று நகைப்போர் உளர். கூரை ஒழுகும் இடத்தில் அலங்காரமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே; முடிவுதான் பிழை.

10 அடிக்கு 12 அடி அறை, ஒரு கதவு, பேருக்கு ஒரு சாளரம்: துரைமார் காலத்து லயங்களின் இலக்கணம் இது. கட்டியவர்கள் ஆட்களைத் தங்கவைக்க எண்ணினரேயன்றி, அங்கே ஒரு குடும்பம் வாழும் என்று எண்ணினாரல்லர். அச்சாளரத்தை அழகு செய்யும் பெண், 'இது என் வீடு' என்கிறாள். றொசல்லயில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் அவ்வழகுக்குப் பயனும் உண்டு. மேற்புறம் பலகையால் மூடியிருப்பதால், அறையின் வெப்பம் திரைக்குப் பின்னே புகுந்து, சாளரத்தில் பட்டுக் குளிர்ந்து இறங்குவது குறைகிறது.

வேலையும் பெரிதன்று. சாளரத்தினும் இருபுறமும் 2 அங்குலம் நீண்ட முகப்புப் பலகை ஒன்று. 4 அங்குல ஆழத்தில் இரு பக்கப் பலகைகள். மேலே ஒரு மூடி. முகப்பில் பழைய கம்பளித் துண்டைப் பரப்பி, அதன்மேல் சேலைத் துணியை இழுத்துப் பின்புறம் சிற்றாணி அறைய வேண்டும். நடுவில் தொடங்கி ஓரத்துக்குச் செல்லாவிடில் துணி சுருங்கும். முன்னாளில் தேயிலைப் பெட்டிப் பலகையே போதுமாயிருந்தது. கடதாசிப் பைகள் வந்தபின் அதுவும் அரிதாயிற்று.

இந்திய உதவியால் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு பெற்றோர் உண்டு. லயத்தில் எஞ்சியோர்க்கோ, ஆணியடிக்கும் சுவரும் தோட்டத்துக்கே உரியது. ஆகவே அவர்கள் பலகையைத் திருகாணியால் பொருத்துவதே நன்று. வீடு மாறும் நாளில் கழற்றிக்கொண்டு போகலாம்.