எண்ணுவது எதற்காக?

லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரிலே தையல் எந்திரம் ஓட்டும் கரம் உண்டு; உணவு விடுதியிலே பாத்திரம் துலக்கும் கரம் உண்டு; மாளிகைத் தோட்டத்திலே புல் வெட்டும் கரம் உண்டு. அவற்றிலே, குடியேற்ற அனுமதிச் சீட்டு இல்லாத கரங்களும் ஏராளம். "எத்தனை பேர்?" என்று கேட்கிறார்கள், "எந்தத் தெருவிலே?" என்றும் கேட்கிறார்கள். முன்னது ஆட்சி நடத்துவோன் கேட்க வேண்டிய கேள்வி. பின்னது வேட்டைக்காரன் கேள்வி!

ஒளிந்து வாழ்பவனை எண்ணுவது எப்படி? வழி உண்டு, தோழர்களே! கழித்தல் கணக்குத்தான். வெளிநாட்டிலே பிறந்தோர் எத்தனை பேர் என்பதை மக்கள் கணக்கெடுப்பு சொல்லும். குடியுரிமை பெற்றோரையும், சட்டப்படி தங்கியோரையும் அரசாங்க ஏடுகளைக் கொண்டு கழிப்பர். எஞ்சியோரே ஏட்டில் இல்லாதோர். எண்ணும்போதே விடுபட்டோருக்கென ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வதும் உண்டு. வாரன், பாசெல் என்ற இருவர் 1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை இப்படி ஆராய்ந்து, அதிலே இத்தகையோர் சுமார் 20 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று 1987இல் எழுதினர். ஏறத்தாழப் பாதிப்பேர் கலிபோர்னியாவில்! ஒருவரையும் "சீட்டு எங்கே?" என்று மிரட்டவில்லை, ஒரு கதவும் உடைபடவில்லை, கணக்கு கிடைத்தது.

அந்தக் கணக்கு வேண்டும். பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள், மருத்துவமனைக்கு எத்தனை படுக்கைகள் என்று தெரியாமல் திட்டமேது? ஆனால் அதற்குத் தெருப்பெயர் எதற்கு? அங்கே மாதிரி விவரங்கள் வெளியிடப்படும் வட்டாரம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 1 லட்சம் மக்கள். அந்த அளவு போதும். அதனினும் நுணுக்கினால் கேடு இரண்டு: மாதிரி சிறுத்துக் கணக்கு பொய்க்கும்; மனிதன் அகப்படுவான்!

வீண் அச்சமா? வரலாறு பேசட்டும்! 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, இரகசியம் காப்போம் என்ற உறுதியோடு நடந்தது. 1942இல், ஜப்பானிய மரபினர் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற விவரம் இராணுவத்தின் கைக்குப் போயிற்று. ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் முள்வேலி முகாமில் அடைபட்டனர். பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள்! 2000இல்தான் கணக்கெடுப்புத் துறைத் தலைவர் வருத்தம் தெரிவித்தார். பறிபோன வாழ்வை அந்த வருத்தம் மீட்டதா?

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே "நீ குடிமகனா?" என்ற கேள்வியை நுழைக்க முயன்றனர்; 2019இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2025 ஜூனிலே, லாஸ் ஏஞ்சல்ஸ் வேலைத்தலங்களிலே திடீர்ச் சோதனை. கூலிக்குக் காத்து நின்றவர்கள் கைது! இதற்குப் பிறகு, கதவு தட்டும் கணக்காளனிடம் எவன் உண்மை உரைப்பான்? அச்சம் குடிபுகுந்த வீட்டிலிருந்து பொய்க் கணக்குத்தான் வெளிவரும்!

குடிமக்களை மட்டுமல்ல, ஆட்கள் அனைவரையும் எண்ணச் சொல்கிறது அமெரிக்க அரசியல் சட்டம். ஆட்சியாளர்களே! ஆளை எண்ணுங்கள், ஆளைப் பிடிக்க எண்ணாதீர்கள்!